கொடையாளியின் நகரமும் குடிமக்களின் உரிமையும்

ஓர் ஊருக்கு விளையாட்டு மைதானம் தேவைப்படுகின்றது. அவ்வூர்ப் பாடசாலைக்கு ஒரு மண்டபம் தேவைப்படுகின்றது. இத்தகைய தேவைகள் எழும்போது எமது மக்கள் இரண்டு கதவுகளைத் தட்டுவது வழக்கம். ஒன்று பிரதேச சபையின் அல்லது அமைச்சின் கதவு. மற்றையது அவ்வூரில் பிறந்து, வணிகத்திலோ வெளிநாட்டிலோ பொருள் தேடிய ஒருவரின் வீட்டுக் கதவு. முதலாவது கதவு திறக்கக் காலம் செல்லும். இரண்டாவது கதவு திறந்துவிட்டால் கட்டடம் விரைவில் எழும்பும். கல்வெட்டிலே பெயர் பொறிக்கப்படும். திறப்பு விழா சிறப்பாக நடந்தேறும். ஆனால், பத்து ஆண்டுகள் சென்றபின் அக்கட்டடத்தின் கூரை ஒழுகும்போது அதனைத் திருத்துபவர் யார்? கொடுத்தவர் இறந்துபோனால் ஆசிரியரின் சம்பளத்துக்குப் பொறுப்பு யார்? அதனிலும் முக்கியமாக, கொடையைப் பெற்றுக்கொண்ட ஊரவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டா?

இக்கேள்விகளில் முதல் இரண்டுக்கும் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடித்தவரும், மூன்றாவது கேள்விக்கு விடை காணாமலே மறைந்தவருமான ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கு நோக்குவது பயனுடையதாகும். அவர் அமெரிக்காவின் சொக்கலேட் உற்பத்தியாளரான மில்டன் ஹேர்ஷி. எமது கடைகளிலும் அவரது பெயர் பொறித்த சொக்கலேட்டுகளைக் காணலாம். ஆயினும் அப்பெயரில் ஒரு நகரமே இருப்பதும், அந்நகரின் பூங்காவும் பாடசாலைகளும் அந்தச் சொக்கலேட்டின் இலாபத்திலிருந்து எழுந்தவை என்பதும் இங்கு பலருக்குத் தெரியாத செய்திகளாகும்.

மில்டன் ஹேர்ஷி 1857 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் டெரி என்னும் கிராமப்புறத்தில் பிறந்தார். தாயார் மெனனைட் எனப்படும், எளிய வாழ்வையும் கடின உழைப்பையும் போற்றும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தந்தையாரோ கனவுகளின் பின்னால் ஓடியவர். தொட்ட தொழில் எதிலும் அவர் நிலைக்கவில்லை. குடும்பம் இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டே இருந்தமையால் சிறுவன் மில்டனின் கல்வி பாடசாலைக்குப் பாடசாலை சிதறியது. நான்காம் வகுப்புடன் அது நின்றும்போனது. பிற்காலத்தில் பாடசாலைகளுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்த இம்மனிதர், தாம் ஒருபோதும் ஒழுங்காகப் பாடசாலைக்குச் சென்றவரல்லர்.

பதினான்கு வயதளவில் ஓர் அச்சகத்தில் வேலை பழக அனுப்பப்பட்ட அவர் அங்கு நிலைக்கவில்லை. அடுத்து லங்காஸ்டர் நகரில் ஜோசப் றோயர் என்ற இனிப்புத் தயாரிப்பாளரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பயின்றார். 1876 இல் பிலடெல்பியாவில் சொந்தமாக இனிப்புக் கடை திறந்தார். ஆறு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தும் கடை நொடித்தது. டென்வருக்குச் சென்று பிறரிடம் வேலை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் மீண்டும் ஒரு தொழில் தொடங்கினார், அதுவும் தோற்றது. 1886 இல் கையில் காசின்றி லங்காஸ்டருக்குத் திரும்பியபோது உறவினர் பலர் முகங்கொடுக்கவில்லை. தாயாரும் அவருடைய சகோதரியும், பழைய ஊழியர் ஒருவருமே துணை நின்றனர்.

ஆனால், டென்வரில் அவர் ஒன்றைக் கற்றிருந்தார். கரமல் எனப்படும் இனிப்பில் புதிய பாலைச் சேர்த்தால் அதன் சுவையும் கெடாது நிற்கும் காலமும் கூடும் என்பதே அது. அந்த அறிவைக்கொண்டு தொடங்கிய லங்காஸ்டர் கரமல் கம்பனி சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுக்கும் நிறுவனமாக வளர்ந்தது. 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரிலிருந்து வந்திருந்த சொக்கலேட் இயந்திரங்களைக் கண்ட ஹேர்ஷி, அவற்றை விலைக்கு வாங்கினார். 1900 இல் கரமல் கம்பனியைப் பத்து இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டுச் சொக்கலேட்டில் முழுமையாக இறங்கினார். அக்காலத்தில் பால் சொக்கலேட் ஐரோப்பியச் செல்வந்தரின் பண்டமாக இருந்தது. அதனை ஐந்து சதத்துக்கு எவரும் வாங்கக்கூடிய பண்டமாக்குவதே அவரது எண்ணம். அளவு கூடிக் குறைந்தாலும் அந்த ஐந்து சத விலை 1969 வரை நீடித்தது குறிப்பிடத்தக்கது.

பால் சொக்கலேட்டுக்குப் பாலும் தண்ணீரும் தாராளமாக வேண்டும். ஆகவே பெருநகரங்களை விட்டுத் தாம் பிறந்த டெரியின் பாற்பண்ணைகளுக்கு நடுவே ஆலையை அமைக்க அவர் தீர்மானித்தார். 1903 இல் அடித்தள வேலைகள் தொடங்கி, 1905 இல் ஆலை இயங்கியது. அங்கு சோளவயல்களையும் பசுக்களையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தொழிலாளர் வந்து தங்குவதற்கு வீடு இல்லை. பிள்ளைகளுக்குத் தகுந்த பாடசாலை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதற்கு ஓரிடமும் இல்லை. எனவே ஆலையோடு நகரத்தையும் அவரே அமைக்க வேண்டியதாயிற்று. பிரதான வீதிகளுக்குச் சொக்கலேட், கொக்கோ என்ற பெயர்கள் இடப்பட்டன. ஏனைய வீதிகள் கொக்கோ விளையும் யாவா, டிரினிடாட், கரக்காஸ் போன்ற இடங்களின் பெயர்களைப் பெற்றன.

அக்காலத்தில் அமெரிக்காவின் பல கம்பனி நகரங்கள் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளைக் கொண்டிருந்தன. தொழிலாளர் அங்கு வாடகைக்கே குடியிருந்தனர். ஹேர்ஷி வீடுகள் வெவ்வேறு அமைப்பில் இருக்க வேண்டும் என்றார். தொழிலாளர் அவற்றைச் சொந்தமாக வாங்கவும் வழி செய்தார். மின்சாரமும் குழாய் நீரும் வந்தன. அயலூர்களை இணைக்கும் ட்ராம் வண்டிகள் ஓடின. 1906 இல் பூங்கா தொடங்கப்பட்டது. முதலில் உலாவுவதற்கு மரநிழலும், விளையாடுவதற்கு மைதானமும், இசைக்கு ஒரு மேடையுமே அங்கிருந்தன. பின்னர் நீச்சல் தடாகம், மிருகக்காட்சிச்சாலை, குடைராட்டினம் என அது விரிந்தது. ட்ராம் வண்டியில் வெளியூரவரும் வந்து குவிந்தனர். இதில் வணிகக் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல தொழிலாளரை ஒரு நாட்டுப்புறத்தில் நிறுத்தி வைப்பதற்குப் பூங்கா உதவியது. பார்வையாளர் ஒவ்வொருவரும் சொக்கலேட்டின் விளம்பரமாகவும் ஆகினர். ஆயினும் கணக்குப் பார்த்துச் செய்த நன்மையும் நன்மையே.

பொதுப் பாடசாலைகளின் விடயத்திலும் இவ்வாறே. டெரியில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த ஓரறைப் பாடசாலைகளுக்குப் பதிலாக, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அனைவரும் கூடிப் படிக்கத்தக்க பெரிய பாடசாலைக் கட்டடத்தைத் தமது பணத்தில் அமைத்து ஊரின் பாடசாலைச் சபையிடம் கையளித்தார். வழக்கமாக இத்தகைய கட்டடங்களை எழுப்பும் சுமை அங்கு வீட்டு வரி, காணி வரி செலுத்துவோர் மீதே விழும். டெரியில் அச்சுமையின் பெரும்பகுதியைச் சொக்கலேட் தாங்கியது. 1935 இல் தமது பெயரில் ஒரு நிதியத்தை அமைத்து, ஊரவரின் கல்விக்கெனக் கம்பனிப் பங்குகளை அதற்கு எழுதிக் கொடுத்தார். அந்நிதியத்தின் ஆதரவில் 1938 இல் தொடங்கிய கனிஷ்ட கல்லூரியில் உள்ளூர் மாணவர் கட்டணமின்றிப் பயின்றனர். அக்கல்லூரி 1965 வரை இயங்கியது.

அவருடைய கொடைகளில் தலையாயது இவற்றினின்றும் வேறுபட்டது. 1898 இல் அவர் கதரின் சுவீனி என்ற கத்தோலிக்கப் பெண்ணை மணம் புரிந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தந்தையை இழந்த ஆண்பிள்ளைகளுக்காக உறைவிடப் பாடசாலை ஒன்றை அமைக்கும் நம்பிக்கைப் பொறுப்புப் பத்திரத்தில் கணவனும் மனைவியும் 1909 நவம்பர் 15 ஆம் திகதி கையொப்பமிட்டனர். அடுத்த ஆண்டு ஒரு சில சிறுவருடன், ஹேர்ஷி பிறந்த அதே பண்ணை வீட்டில் பாடசாலை தொடங்கியது. உணவு, உடை, படிப்பு, கைத்தொழில் யாவும் இலவசம். 1915 இல் கதரின் காலமானார். அதன் பின்னர் 1918 இல், தமது சொத்தின் மிகப் பெரும் பகுதியை, அக்கால மதிப்பில் சுமார் ஆறு கோடி டொலர் பெறுமதியான கம்பனிப் பங்குகளை, அப்பாடசாலையின் நம்பிக்கைப் பொறுப்புக்கு எழுதி வைத்தார். அதனை அவர் எவருக்கும் பறைசாற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து 1923 இல் நியூயோர்க் பத்திரிகையொன்று அச்செய்தியை வெளியிட்டபோதே உலகம் அறிந்தது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பைத் தமிழ், முஸ்லிம் வாசகர் எளிதில் விளங்கிக்கொள்வர். முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் அறத்துக்குச் செலவிடும் வக்பு முறைமையும், ஆலயங்களுக்கு வயலை எழுதிவைத்து அதன் விளைச்சலால் அன்னதானம் நடத்தும் வழக்கமும் எமக்குப் பழக்கமானவை. ஹேர்ஷி வயலுக்குப் பதிலாக ஆலையை எழுதி வைத்தார். கம்பனியைக் கட்டுப்படுத்தும் பங்குகள் பாடசாலைக்குச் சொந்தமாகின. விற்கப்படும் ஒவ்வொரு சொக்கலேட்டின் இலாபத்திலும் ஒரு பங்கு அநாதைப் பிள்ளையின் தட்டுக்கும் புத்தகத்துக்கும் சென்று சேர்ந்தது. கொடையாளி இறந்தாலும் கொடை இறக்காது என்பதற்கு இதனைவிட உறுதியான ஏற்பாட்டைக் காண்பதரிது. மேலும், இதனை மரண சாசனத்தில் எழுதி வைக்காமல், தாம் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும்போதே செய்தார். கொடுத்த பின்னர் இருபத்தேழு ஆண்டுகள் தமக்குச் சொந்தமல்லாத செல்வத்துக்காக உழைத்தார்.

1929 இல் அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் தாக்கியது. ஆலைகள் மூடப்பட்டு இலட்சக்கணக்கானோர் தெருவில் நின்ற காலத்தில் ஹேர்ஷி நகரில் கட்டட வேலைகள் தொடங்கின. பொருள்களின் விலை வீழ்ந்திருப்பதும், வேலையற்றோர் கைகட்டி நிற்பதும் கட்டுவதற்கு உகந்த வேளை என அவர் கருதினார். சுமார் அறுநூறு பேர் அப்பணிகளில் ஈடுபட்டனர். 1933 இல் மலைமேல் ஒரு பெரிய ஹோட்டலும், நகர நடுவில் சமூக நிலையமும் திறக்கப்பட்டன. அந்நிலையத்தில் அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், நீச்சல் தடாகம், நூலகம் ஆகியன ஒரே கூரையின் கீழ் அமைந்தன. 1936 இல் உள்ளக விளையாட்டரங்கும், 1939 இல் திறந்தவெளி விளையாட்டரங்கும் எழுந்தன. 1962 இல் வில்ற் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்தாட்டத்தில் நூறு புள்ளிகள் பெற்றுப் படைத்த சாதனை அந்த உள்ளக அரங்கிலேயே நிகழ்ந்தது. நாற்பது பேரின் வேலையைச் செய்யும் இயந்திரமொன்றைக் கண்ட ஹேர்ஷி, அதனை அகற்றிவிட்டு நாற்பது பேரை வேலைக்கு அமர்த்தச் சொன்னார் என்றொரு கதை அந்நகரில் வழங்கி வருகின்றது. கதை எவ்வாறாயினும், அந்நகரின் வீடுகளில் அடுப்பு எரிந்தது உண்மை.

இவ்வளவையும் பெற்ற மக்கள் நன்றியோடு வாழ்ந்திருப்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், 1937 ஏப்ரலில் அந்த ஆலைத் தொழிலாளர் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர்.

இதன் காரணத்தை அறிய நகரத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ஹேர்ஷி நகருக்கு நகரசபை இருக்கவில்லை, மேயரும் இருக்கவில்லை. டெரியின் உள்ளூராட்சி அமைப்புக்குள் அது ஒரு குடியிருப்பாகவே இருந்தது. வங்கி, பெருங்கடை, மின்சாரம், நீர், ட்ராம், பூங்கா அனைத்தும் ஒரே மனிதரின் நிறுவனங்களுக்குச் சொந்தமாயிருந்தன. பூங்கா எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எந்தக் கட்டடம் முதலில் எழும்ப வேண்டும் என்பவை பற்றி எவரும் வாக்களிக்கவில்லை. அவர் வண்டியில் நகரைச் சுற்றிவந்து எந்த வீட்டின் முற்றம் பராமரிப்பின்றிக் கிடக்கின்றது என்று கவனிப்பது வழக்கம். தந்தை பிள்ளையைக் கவனிப்பதுபோல அவர் கவனித்தார். ஆனால், வளர்ந்த பிள்ளைகள் தந்தையிடம் எதிர்பார்ப்பது வேறு. வேலை நீக்கத்தில் பாரபட்சம் இருக்கக்கூடாது, சேவைமூப்பு மதிக்கப்பட வேண்டும், சம்பளமும் வேலை நேரமும் பேசித் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பவையே தொழிலாளரின் கோரிக்கைகள். நீச்சல் தடாகம் அவற்றுக்குப் பதிலாகாது.

வேலைநிறுத்தம் ஒரு வாரம் கூட நீடிக்கவில்லை. ஆலை பாலை வாங்காமையால் நாளாந்தம் பல இலட்சம் இறாத்தல் பால் வீணாகும் நிலையில், பாற்பண்ணையாளரும் வேலைநிறுத்தத்தை எதிர்த்த தொழிலாளரும் ஏப்ரல் 7 ஆம் திகதி திரண்டு ஆலைக்குள் புகுந்தனர். உள்ளே இருந்தோர் அடித்து வெளியேற்றப்பட்டனர், பலர் காயமுற்றனர். பூங்காக்களின் நகரம் இரத்தம் கண்டது. எண்பது வயதை நெருங்கியிருந்த ஹேர்ஷியை அந்நிகழ்வு ஆழமாகப் புண்படுத்தியது என்பர். ஆயினும் தொழிற்சங்கம் அத்தோடு மறைந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்குள் வேறொரு சங்கத்தின் மூலம் தொழிலாளர் ஒப்பந்தத்தைப் பெற்றுக்கொண்டனர்.

அவரது கொடைக்கு வேறு எல்லைகளும் இருந்தன. அநாதைப் பாடசாலையின் பத்திரம் வெள்ளையினச் சிறுவருக்கு மட்டுமே இடமளித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1968 வரையும், பெண்பிள்ளைகளுக்கு 1970களின் பிற்பகுதி வரையும் அப்பாடசாலையின் கதவு திறக்கவில்லை. வெப்ப வலயத்துத் தோட்டங்களில் கொக்கோக் காய்களைப் பறித்த கைகளுக்குரியோரின் பிள்ளைகளுக்கு அப்பூங்காவின் நிழல் எட்டவில்லை என்பதையும் தோட்டங்களின் நாட்டில் வாழும் நாம் மறந்துவிட முடியாது. ஒரு மனிதரின் மனத்தின் எல்லை எதுவோ அதுவே அவரது கொடையின் எல்லையாகவும் அமைந்துவிடுகின்றது. சட்டத்தின் வழியாகவும் பொதுமக்களின் வற்புறுத்தல் வழியாகவுமே அந்த எல்லை விரிகின்றது.

தனிவாழ்வில் ஹேர்ஷி தமக்கென எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 1930 இல் தமது மாளிகையை உள்ளூர்க் கழகத்துக்கு விட்டுக்கொடுத்து, மேல்மாடியில் ஓரிரு அறைகளில் வாழ்ந்தார். 1945 ஒக்டோபர் 13 ஆம் திகதி, தமது பெயரைத் தாங்கிய நகரின் மருத்துவமனையிலேயே, எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். அவர் விட்டுச் சென்ற வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் இருபதினாயிரம் டொலர் கூடப் பெறவில்லை.

அவரது மறைவின் பின்னர் நம்பிக்கைப் பொறுப்பின் செல்வம் பன்மடங்கு பெருகியது. 1963 இல் நீதிமன்ற அனுமதியுடன் ஐந்து கோடி டொலர் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஒன்றை அந்நகரில் அமைப்பதற்கு வழங்கப்பட்டது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட, பல இனங்களையும் சேர்ந்த ஆண், பெண் பிள்ளைகள் அப்பாடசாலையில் இலவசமாகப் படிக்கின்றனர். ஆனால், 2002 இல் நம்பிக்கையாளர் சபை கம்பனியின் கட்டுப்பாட்டுப் பங்குகளை விற்க முயன்றது. ஆயிரத்து இருநூறு கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை பேசப்பட்டது. பாடசாலையின் நிதிக்கு அது இலாபமே எனச் சபை வாதிட்டது. நகர மக்களும், தொழிலாளரும், பழைய மாணவரும் வீதியில் இறங்கினர். மாநிலச் சட்டமா அதிபர் நீதிமன்றத்தை நாடினார். விற்பனை கைவிடப்பட்டது. பின்னைய ஆண்டுகளில் நம்பிக்கையாளரின் கொடுப்பனவுகள், செலவுகள் தொடர்பாகவும் கேள்விகள் எழுந்து, மாநில அரசின் தலையீட்டினால் சீர்திருத்தங்கள் ஏற்படுத்தப்பட்டன. 1937 இல் அந்நகரம் தன் தந்தையிடம் கேட்க முயன்ற கேள்வியை அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் நம்பிக்கையாளரிடம் கேட்டது. இம்முறை அதற்குப் பதில் கிடைத்தது.

எமது சமூகங்களும் பெரும் கொடையாளிகளைக் கண்டவை. 1892 இல் மருதானையில் சாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரையும், இராமநாதன் மகளிர் கல்லூரியை 1913 இலும் பரமேஸ்வராக் கல்லூரியை 1921 இலும் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனையும் நாம் நன்றியோடு நினைவுகூருகின்றோம். பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேயே 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. மறுபுறத்தில், மலையகத்தின் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் தயவில் நீண்டகாலம் கிடந்து, 1970களிலிருந்தே படிப்படியாக அரச பாடசாலைகளாயின. வேலை கொடுப்பவரே வீட்டையும் மருந்தையும் பள்ளியையும் தன் கையில் வைத்திருக்கும் வாழ்க்கை எத்தகையது என்பதை அம்மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஹேர்ஷியின் வாழ்க்கையிலிருந்து எமது கொடையாளிகள் பெறவேண்டிய பாடம் தெளிவானது. கட்டடத்தைக் கொடுப்பவர் அதனைப் பராமரிக்கும் வருவாயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வருவாய் தனிமனிதரின் விருப்பில் தங்கியிராமல் சட்டபூர்வமான நம்பிக்கைப் பொறுப்பில் இருக்க வேண்டும். இவற்றை ஹேர்ஷி செய்தார். அவர் செய்யத் தவறியதையும் நாம் செய்ய வேண்டும். மைதானத்தைப் பயன்படுத்தும் இளைஞருக்கும், பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் அந்த நிர்வாகச் சபையில் ஆசனம் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கு பகிரங்கமாக வாசிக்கப்பட வேண்டும். பிரதேச சபைகளும் கொடையாளி வந்துவிட்டார் என்று தமது பொறுப்பைக் கைகழுவி விடலாகாது. ஊரவர் செலுத்தும் வரி சிறிதாயினும், அதனால் அவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கின்றது. எத்துணை பெரிய கொடையும் அந்த உரிமைக்கு ஈடாகாது.